பின்சுவரில் ஓதம்

"டார்ச்சைக் கொஞ்சம் இடது பக்கம் அடிங்கண்ணே" என்கிறான் கொத்தனார் மாசிலாமணி. அடிக்கிற மாதிரி கையை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு வலது பக்கமே வைத்துக்கொள்கிறேன். வயசான கை, சொன்னபடி திரும்பாது என்று நினைத்துக்கொள்வான். நல்ல மனுஷன். நல்ல மனுஷர்களை ஏமாற்றத் தனியாகச் சாமர்த்தியம் எதுவும் வேண்டாம், சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும், நான் விதை உருளைக்கிழங்கு மூட்டைமேல் உட்கார்ந்திருக்கிறேன். டக், டக், டக். உளியின் பின்பக்கத்தால் பூச்சைத் தட்டிக்கொண்டே போகிறான். கல்லோடு ஒட்டியிருக்கிற இடத்தில் சத்தம் கெட்டியாக வருகிறது, ஊதியிருக்கிற இடத்தில் பொத்தென்று வருகிறது, டாக்டர் என் நெஞ்சில் தட்டிப் பார்த்தபோது எந்தச் சத்தம் வந்தது என்று யோசிக்கிறேன், பொத்தென்றுதான் வந்திருக்கும். ஷெட்டுக்குள் ஈரச் சாக்கு நாற்றம், முளைவிட்ட கிழங்கு நாற்றம், அதற்கு அடியில் இன்னொரு நாற்றம், மழைக்கால ஆலயத்தில் யாருமில்லாத பெஞ்சிலிருந்து வருமே, அது. ஓதம் என்றால் வெறும் ஈரம் இல்லை. ஈரம் வரும் போகும். ஓதம் வந்து குடியிருக்கும். மண்வெட்டிக் காம்பில் பூஞ்சணம், என் பழைய மழைக்கோட்டின் கழுத்தில் பூஞ்சணம், என் வீட்டுக்காரி சலோமி தைத்து வைத்த சாக்குப் பைகளில் கறுப்புப் புள்ளி. சுவரைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது என்று பியூஸைப் பிடுங்கி அடுக்களை டப்பாவில் போட்டுவிட்டாள். அதனால் இந்த டார்ச். அதனால் வெளிச்சம் என் கையில். இவன் எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்க வேண்டாம் என்பது என் மணிக்கட்டில் இருக்கிறது. இத்தனை வயசில் இப்படி ஒரு அதிகாரம் கிடைத்திருக்கிறது, பாக்கியநாதா, சந்தோஷப்படு.

சந்தோஷம் வரவில்லை. இடது பக்கத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும், கண்ணை மூடினாலும் தெரிகிறது. பின்சுவரின் இடது மூலையில் என் இடுப்பு உயரத்தில் ஆரம்பிக்கிறது கறை. அங்கிருந்து மெதுவாகச் சரிந்து வலது பக்கம் இறங்கி, வாசல் ஓரத்தில் முழங்காலுக்கும் கீழே வந்து தரையோடு முடிந்துவிடுகிறது. நடுவில் ஒரு பள்ளம், படி மாதிரி. மழைத் தண்ணீர் கூரையிலிருந்து இறங்கினால் மேலேயிருந்து கோடு கோடாக வரும். தரையிலிருந்து ஏறினால் சுவர் முழுக்க ஒரே உயரத்தில் நிற்கும். இது இரண்டும் இல்லை. இது ஒரு மண்மேட்டின் படம். சுவருக்கு அந்தப் பக்கம் நான் குவித்து வைத்திருக்கிற மண்மேடு, இடது பக்கம் இடுப்பு உயரம், வலது பக்கம் சரிவு, நடுவில் தண்ணீர் ஊற்றப் போகும்போது கால் வைக்க நான் வெட்டிய படி, அத்தனையும் கல்லைத் தாண்டி, பூச்சைத் தாண்டி, சிமெண்டில் அச்சாக விழுந்திருக்கிறது. போட்டோ எடுக்கிறவன்கூட இவ்வளவு ஒழுங்காக எடுக்கமாட்டான். முழுச் சரிவையும் ஒரே வெளிச்சத்தில் ஒரு தடவை பார்த்தால் குழந்தைக்குக்கூடத் தெரிந்துவிடும். அதனால் துண்டு துண்டாகக் காட்டுகிறேன். இங்கே ஒரு வட்டம், அங்கே ஒரு வட்டம். மாசிலாமணி அந்த வட்டத்துக்குள்ளேயே மூக்கை வைத்துத் தட்டிக்கொண்டிருக்கிறான். டக். பொத். பொத். "இங்கயும் போயிருச்சுண்ணே" என்கிறான், தன் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்கிற குரலில். கூரைத் தகரத்தைக் காலையிலேயே ஏறிப் பார்த்துவிட்டான், ஒரு ஆணி ஓட்டைகூட இல்லை. பின்பக்கம் போய்ப் பார்க்கிறேன் என்று கிளம்பினவனை நான்தான் நிறுத்தினேன். பின்னால் கதண்டு வண்டு கூடு கட்டியிருக்கிறது, பூசணிக்காய் பெரிசு, தபால்காரனைத் துரத்திக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய், அவன் பஸ்ஸில் ஏறினதும் அதுவும் ஏறி, கண்டக்டர் இறக்கிவிட்டான் என்று சொன்னேன். சிரித்தான். சிரித்துவிட்டுப் போகாமல் நின்றுவிட்டான். இத்தனை வருஷமாகப் பார்க்கிறேன், என் கதையில் பயமுறுத்துகிற பாகத்தை மட்டும் ஜனங்கள் நம்பிவிடுகிறார்கள். கதண்டு பஸ் ஏறியதை நம்பவில்லை. கதண்டு இருப்பதை நம்பிவிட்டான். பின்னால் கதண்டு இல்லை, காரட் இருக்கிறது.

காரட். அதை நினைத்தால் இந்த நிலையிலும் வயிற்றுக்குள் ஒரு சிரிப்பு புரள்கிறது, புரண்டதும் கசக்கிறது. பீட்டர் கடையில் மழை நாள் ஒன்றில் வடை தீர்ந்துபோய், எல்லோரும் வெளியே போக முடியாமல் நிற்கும்போது நான் சொன்னேன், டீ பேக்டரி ஸ்டோரில் வேலை பார்த்த காலத்தில் ஒரு காரட் போட்டேன், இழுக்க இழுக்க வருகிறது, முடிகிற பாடில்லை, கீழே ரோட்டோரத்து மண் வெட்டில் ஏதோ ஆரஞ்சு வேர் நீட்டிக்கொண்டிருக்கிறதே என்று ரோடு போடுகிறவன் அந்தப் பக்கமிருந்து இழுக்கிறான், நான் மேலேயிருந்து இழுக்கிறேன், மலை நடுவில், யார் எதிராளி என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை, கடைசியில் நடுவில் பொட்டென்று ஒடிந்து நான் மல்லாக்க விழுந்ததில்தான் இந்த இடுப்பு போனது என்று. கடையே சிரித்தது. பீட்டர் டீ வடிகட்டியைக் கீழே போட்டான். அப்போது ஒருத்தன், யாரென்றுகூட ஞாபகமில்லை, மூலையிலிருந்து சொன்னான், "மலையைத் தொளைச்ச காரட் வேண்டாம் பெருசு, ஒரு முழத்துக்கு ஒண்ணு வளத்துக் காட்டு, நாங்க நம்புறோம்." அதற்கும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு வேறு சிரிப்பு. கதைக்குச் சிரிக்கிற சிரிப்புக்கும் ஆளைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்புக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியாதா, ஆயுசு முழுக்க அந்தத் தொழில்தானே. வளர்த்துக் காட்டுகிறேன் என்று முடிவு பண்ணினேன். பொய்யை மெய்யாக்குவதற்கு மண் வேண்டியிருந்தது. இந்த மலையில் ஒரு சாண் தோண்டினால் கல் வந்து இடிக்கும், காரட் எங்கே இறங்கும். அதனால் தோண்டவில்லை, குவித்தேன். ஷெட்டுக்குப் பின்னால் மலைச் சரிவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சந்து, யாரும் போகாத இடம், அங்கே சுவரையே அணையாக வைத்துச் செம்மண்ணும் மக்கின சாணியும் கூடை கூடையாகக் கொட்டினேன். இடுப்பில் தகடு வைத்தபிறகு ஒரு குடம்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அதைவிட முக்கியம், சலோமி சொல்லியிருக்கிறாள். ஜெபத்துக்குப் போகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டுப் பின்னால் போய் மண் சுமந்தேன். முட்டி போட்டுத்தான் வேலை பார்த்தேன், அந்த வகையில் பாதி உண்மை. தினமும் தண்ணீர். காரட்டுக்கு ஊற்றினேன் என்று நினைத்தேன். சுவருக்கு ஊற்றியிருக்கிறேன்.

"அண்ணே, தூங்கிட்டீங்களா, வெளிச்சம் கூரைக்குப் போகுது." தூங்கவில்லையப்பா. கையை இறக்குகிறேன். ஒரு பெரிய சில் பெயர்ந்து தரையில் விழுந்து உடைகிறது, உள்பக்கம் வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறது, மாசிலாமணி ஒரு துண்டை எடுத்து விரலால் தேய்த்துப் பார்க்கிறான், நாக்கில் வைத்துப் பார்க்கிறான். வைக்காதே என்று கத்தத் தோன்றியது, என் சாணித் தண்ணீர் அது. துப்பிவிட்டு அந்தத் துண்டை அப்படியே கையில் வைத்துக்கொண்டு குந்துகிறான். போன கோடையில் இந்த ஷெட்டுச் சுவர்களுக்கு இவன் பூசியதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மட்டப்பலகையை வைத்து இழுத்துவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பக்கவாட்டில் பார்ப்பான், ஷெட்டுதானேடா, மண்வெட்டி வைக்கிற இடம்தானே என்று நான் சொன்னதற்கு, "மண்வெட்டிக்கும் கண்ணு இருக்கும்ணே" என்றான். எனக்கே அந்த வரி பிடித்துப்போய் மறுநாள் பீட்டர் கடையில் என் வரி மாதிரி சொல்லிவிட்டேன். பின்சுவர் ஊதினபோது சலோமிதான் முதலில் பார்த்தாள். "இங்க பாருங்க, போன வருஷம் பூசின சுவரு இப்படிப் பொரிஞ்சு கிடக்கு, என்னவாம்?" என்று கேட்டாள். நான் அப்போது சந்திலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தேன், நகத்துக்குள் செம்மண். அவள் கண் கைக்கு வருமுன் வாய் முந்திக்கொண்டது. "மாசிலாமணி வேலை" என்றேன். அவ்வளவுதான். இரண்டே வார்த்தை. அதில் யானை இல்லை, சிறுத்தை ரேஷன் கடை வரிசையில் நிற்கவில்லை, கேட்டவர்கள் சிரிக்க ஒன்றுமே இல்லை. நான் சொன்னதிலேயே சின்னப் பொய். நீளமாகச் சொன்னதெல்லாம் யாருக்கும் ஒரு கீறல் போட்டதில்லை. இந்தக் குட்டி மட்டும் பல்லோடு பிறந்திருக்கிறது.

அதோடு விட்டேனா. பீட்டர் கடையில் யாரோ உன் ஷெட்டு ஓதமாமே என்று கேட்டார்கள், வாயைத் திறந்துவிட்டேன். இப்போது எங்கள் வீட்டில் குழாய்க்குப் போவதில்லை, டம்ளரை மாசிலாமணி சுவரில் சாய்த்து வைத்தால் போதும், சக்கரைதான் நாம் போட வேண்டும் என்றேன். போன வாரம் இரண்டு தவளைகள் அந்தப் பூச்சுக்குள் குடியேறின, மழைக்கு மட்டும் வெளியே வருகின்றன, உள்ளே ஈரம் தாங்கவில்லையாம் என்றேன். மாசிலாமணி ரசமட்டத்தில் குமிழிக்குப் பதில் தலைப்பிரட்டை ஓடுகிறது, அதுவும் நடுவில் வந்துதான் நிற்கிறது, வேலைக்காரன் என்றால் அவன்தான் என்றேன். கடை உருண்டு சிரித்தது. தலைப்பிரட்டை நல்ல இடம், அதை இப்போது நினைத்தாலும் நல்ல இடம் என்றுதான் தோன்றுகிறது, இந்த மனசை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது. கதை என் கையைவிட்டு நடந்து போய்விட்டது. மேல் தெருவில் ஒரு வீட்டில் இவனைப் பாதி வேலையில் நிறுத்திவிட்டார்கள். பழைய தபாலாபீஸ் பக்கத்தில் ஒருத்தர், நீ வேண்டாமப்பா, எங்கள் வீட்டில் தவளை வேண்டாம் என்று சொன்னாராம். அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாராம், என் சிரிப்பு, என் கடையில் செய்து அனுப்பினது. சபை மண்டபத்துக்கு உள்பூச்சு வேலை முழுக்க இவனுக்கு என்று போன மாசம் பேசி முடித்திருந்தார்கள், இப்போது கமிட்டி தயங்குகிறது. செயலாளர் தியோடர் இன்றைக்குச் சாயங்காலம் இந்தச் சுவரை நேரில் பார்க்க வருகிறார், பார்த்துவிட்டுத்தான் முடிவாம். அதற்குள் சரி பண்ணிவிடலாம் என்று காலையிலேயே வந்துவிட்டான் மாசிலாமணி, உளி, சுத்தியல், சல்லடை, ஓதத்துக்குப் போடுகிற மருந்து ஒரு டின், எல்லாவற்றையும் சுமந்துகொண்டு. கூப்பிடவில்லை, அவனாகவே வந்தான். "என் கையில கெட்டது, என் கையாலயே நேராகட்டும்ணே" என்றான். நான் டார்ச் பிடிக்கிறேன் என்றேன். வேறு என்ன சொல்வது.

மழை இல்லை, பனிமூட்டம்தான், வாசலில் புகை மாதிரி வந்து நின்று உள்ளே எட்டிப் பார்க்கிறது. இடுப்புத் தகடு குளிருக்கு இறுகுகிறது, வலி இடது பக்கம். எல்லாம் இடது பக்கமே இருக்கிறது இன்றைக்கு. "அண்ணே, ஒண்ணு சொல்லணும்" என்கிறான், சுவரைப் பார்த்துக்கொண்டே. பார்த்துவிட்டான், சரிவைப் பார்த்துவிட்டான், இனி சொல்லிவிடலாம், அவனே சொல்லிவிட்டால் எனக்கு வேலை மிச்சம், ஒரு நிமிஷம் என்ன ஆறுதலாக இருந்தது. "இந்தச் சுவரு பூசின அன்னிக்கு" என்கிறான், "பொண்ணைப் பாக்க ஆளுங்க வந்திருந்தாங்க. சீக்கிரம் வாங்கன்னு வீட்டுல போன் மேல போன். மத்த மூணு சுவருக்கும் மணலைச் சலிச்சேன். இதுக்குச் சலிக்கலைண்ணே. பின்சுவருதானே, அண்ணன் பாக்கமாட்டாருன்னு நினைச்சேன். உங்ககிட்ட சொல்லாம பூசிட்டுப் போயிட்டேன். அந்த மணல்ல உப்பு மண் கட்டி இருந்திருக்கு. அதான் இழுக்குது." இதைச் சொல்லிவிட்டு உளியால் தரையில் ஒரு கோடு இழுத்தான். "பொண்ணுக்கும் அந்த இடம் அமையல" என்று சேர்த்துக்கொண்டான், தண்டனை இரண்டு பக்கமும் வந்துவிட்டது என்கிற மாதிரி. சொல்லுடா பாக்கியநாதா, சலிக்காத மணலுக்குச் சுவர் இப்படிச் சாய்வாகவா நனையும், நடுவில் படி வைத்தா நனையும், சொல். நாக்கு எழுந்தது, எழுந்து வழக்கமான ரூட்டில் போய்விட்டது. "எங்க பேக்டரி ஸ்டோர்ல ஒரு தடவை மணலுக்குப் பதிலாச் சீனியைக் கலந்து பூசிட்டான், எறும்பு வந்து சுவரையே தூக்கிட்டுப் போயிருச்சு" என்றேன். சிரித்தான். மரியாதைக்குச் சிரித்தான். அது என்ன தலைவிதி, இருமல் மாதிரி, அடக்க அடக்க வருகிறது. அவன் முகத்தைப் பார்க்கப் பயந்து டார்ச்சை என் கால்மேல் அடித்துக்கொண்டேன், செருப்பின் ஓரத்தில் செம்மண் காய்ந்திருந்தது, அணைத்தேன், மறுபடி போட்டேன். இவன் தன் கையையே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டான். கண் போனால் கண்ணாடி போடலாம், கொத்தனாருக்குக் கையில் நம்பிக்கை போனால் எதைப் போடுவது. இவன் கைதான் நாளைக்கு என் குழிமேல் கல் வைத்துப் பூசப்போகிறது, அன்றைக்கும் மணலைச் சலித்தோமா சலித்தோமா என்று இரண்டு தடவை பார்ப்பான், உள்ளே படுத்துக்கொண்டு நான் என்ன செய்வேன், நல்லா சலிச்சிருக்கேடா என்று தட்டியா சொல்ல முடியும்.

"டீ போடட்டுமா, எத்தனை பேருக்கு?" என்று மேலே அடுக்களையிலிருந்து சலோமி கத்துகிறாள், நான் பதில் சொல்வதற்குள் கேட் சத்தம், குடை மடக்குகிற சத்தம், தியோடர். ஆள் உயரம், வாசலில் குனிந்துதான் வரவேண்டும், அந்தக் குனிவே ஒரு துக்க வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கிறது. "என்ன அண்ணாச்சி, தவளைங்க சௌக்கியமா?" என்றார். அவர் அதை என்னைப் பார்த்துச் சொன்னார், மாசிலாமணிதான் தலையைக் குனிந்தான். எழுந்து நின்றான், கையைச் சட்டையில் துடைத்தான், அந்த உப்புத் துண்டை ஆதாரம் மாதிரி முன்னால் நீட்டினான். "ஐயா, உங்ககிட்ட மறைக்க ஒண்ணுமில்ல. இது என் தப்புதான். மணலை" என்று ஆரம்பித்தான். அந்த வார்த்தைக்கு அப்புறம் இன்னும் இரண்டு மூன்று வார்த்தைதான், வந்துவிட்டால் மண்டபம் போய்விடும், மண்டபத்தோடு இந்த ஊரில் இவன் கொத்துக்கரண்டி பிடிக்கிற காலமும் போய்விடும். "அவன் தப்பு இல்ல" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக, அலங்காரம் இல்லாமல், மொட்டையாக வந்தது. "நான் பின்னால சுவரை ஒட்டி மண்ணைக் குவிச்சேன். இடுப்பு உயரத்துக்கு. ஒரு முழத்துக்குக் காரட் வளக்கணும்னு. தினமும் தண்ணி ஊத்தினேன். அதுதான் உள்ள வருது." பிறகு தியோடர் சிரித்தார். தொப்பை குலுங்கக் குலுங்கச் சிரித்தார். "அண்ணாச்சி, மலையைத் தொளைச்ச காரட்டு இப்ப சுவரையும் தொளைச்சிருச்சா?" மாசிலாமணியும் சிரித்துவிட்டான், கண்ணில் தண்ணீர் நிற்க, அவனைக் காப்பாற்ற நான் ஒரு கதை கட்டினேன் என்று நினைத்துக்கொண்டு, நன்றியோடு சிரித்தான். "விடுங்கண்ணே" என்றான் மெதுவாக. "எனக்காக நீங்க பொய் சொல்ல வேண்டாம்."

வாங்கிக்கொண்டேன். இத்தனை வருஷம் நான் கொடுத்ததெல்லாம் சில்லறையாகத் திரும்பி வந்ததை மடியில் வாங்கிக்கொண்டேன். இதற்குமேல் வாயால் ஆகாது. டார்ச்சை மூட்டைமேல் வைத்தேன், மண்வெட்டியை எடுத்தேன், பூஞ்சணம் பிடித்த காம்பு உள்ளங்கையில் வழுக்கியது. "அண்ணே, கதண்டு" என்று பின்னால் குரல் வந்தது. திரும்பவில்லை. சந்துக்குள் நுழைந்தேன். மேடு அங்கேதான் இருந்தது, காரட் தழை பச்சைப்பசேல் என்று, குழந்தைக்குச் சீவிவிட்ட தலை மாதிரி, என்ன அழகு, யாருக்கும் காட்ட முடியாத அழகு. முதல் வெட்டிலேயே இடுப்புத் தகடு உள்ளே கத்தியது. வெட்டினேன். மண் சுவரைவிட்டுப் பிரிந்து சரிந்தது, அதற்குப் பின்னால் கல்லும் காரையும் கறுத்து, ஊறி, கசிந்து, இவ்வளவு நாள் இருட்டில் என்னைத் தாங்கிக்கொண்டிருந்த சுவர். இன்னொரு வெட்டு. சலோமி பார்த்தால் கொன்றுவிடுவாள், பார்க்கட்டும். மூச்சு வாங்கிச் சுவரில் கை வைத்தேன், கை நனைந்தது, அதைச் சட்டையில் துடைக்கத் தோன்றவில்லை. காலடிச் சத்தம் சந்தின் முனைக்கு வந்து நின்றது. முதலில் டார்ச் வெளிச்சம் வந்தது, வெளியே இன்னும் இருட்டவில்லை, அது வெளுத்துப்போய் இருந்தது, பிறகு மாசிலாமணி. வெளிச்சத்தை இடது மூலையில் வைத்தான், அவன் நிற்கிற பக்கத்துக்கு அது வலது, என் இடுப்பு உயரத்தில். அங்கிருந்து மெதுவாக, மட்டப்பலகையை இழுக்கிற மாதிரி, ஈரத்தின் விளிம்போடு ஓட்டிக்கொண்டே வந்தான். சரிவு. படி. சரிவு. தரை. பிறகு உள்ளே போனான். உள்ளே அதே வெளிச்சம் அதே கோட்டில் நகர்வது, வாசல் பனிமூட்டத்தில் மங்கலாகத் தெரிந்தது. திரும்பி வந்தான். தியோடர் அவனுக்குப் பின்னால், குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சிரிக்காமல்.

வெட்டின மண்ணில் ஒரு காரட் கிடந்தது. மாசிலாமணி குனிந்து எடுத்தான். மண்ணைத் தட்டினான். "எவ்வளவு நீளம் வந்துச்சு?" என்று கேட்டான். கையில் வைத்துக்கொண்டே கேட்டான். என் வாயிலிருந்து வரவேண்டும் என்று கேட்டான். எத்தனை காரட் நாக்கு நுனியில் வந்து நின்றன, ரோட்டைத் தாண்டினது, மலையைத் தாண்டினது. "விரல் நீளம்" என்றேன். "நுனி ரெண்டாப் பிரிஞ்சிருக்கு. சாணி ஜாஸ்தி." அவன் அதைச் சுவரோரம், கல் இடுக்கில், பத்திரமாக வைத்தான், ஆணி எடுத்து வைக்கிற மாதிரி. மணலைச் சலித்தானா இல்லையா என்று இனி யாரும் கேட்கப்போவதில்லை, அவன் மட்டும் கேட்டுக்கொள்வான், அந்தச் சந்தேகத்தையும் நான்தான் கொடுத்திருக்கிறேன். தியோடர் தொண்டையைச் செருமினார். "ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு வாங்க மாசிலாமணி. மண்டபத்தை அளந்துருவோம். நான் கமிட்டியில சொல்லிக்கிறேன்." என்னிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை, பீட்டர் கடையில் சொல்வார், சொல்லட்டும், தலைப்பிரட்டையைவிட நன்றாக இருக்கும். மாசிலாமணி சரி என்று தலையாட்டினான். உள்ளே போய் உளி, சுத்தியல், சல்லடை எல்லாவற்றையும் எடுத்துப் பைக்குள் போட்டான், ஓத மருந்து டின்னை மட்டும் வாசலில் வைத்துவிட்டான். டார்ச்சை அணைத்து என் கையில் கொடுத்தான். முகத்தில் கோபம் தேடினேன், இல்லை, கோபம் இருந்திருந்தால் பேசி முடித்திருக்கலாம். "மண்ணை முழுசா எடுத்துட்டு ஒரு மாசம் காயவிடுங்க சார்" என்றான். "காய்ஞ்சதும் சொல்லி அனுப்புங்க. வந்து பூசித் தர்றேன்." சார். எனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன், சுவர்தான் இருந்தது. இரண்டு பேரும் படியேறிப் பனிமூட்டத்துக்குள் போனார்கள், மண்டபத்து ஜன்னலைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டு, கேட் சத்தம் கேட்டது. "இங்க பாருங்க, எவ்வளவு நேரமாக் கேக்குறேன்" என்று மேலேயிருந்து சலோமி, "டீ எத்தனை? மூணா?" மண்வெட்டியை ஊன்றி நின்றேன். கல் இடுக்கில் காரட் இருந்தது. "ஒண்ணு" என்று கத்தினேன். "இது என்ன புதுக் கதை?" என்றாள்.